கொம்பையாவின் குரல் ரெண்டு இடத்தில் பேசிய நாள்

ஆறு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற சொக்கன்பொட்டலில், எட்டுத் தெருவும் நானூற்றுச் சொச்சம் வீடும் ஒரு டீக்கடையும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் உள்ள சொக்கன்பொட்டலில், கலெக்டர் பேச்சைக் கேட்காதவர்கள் உண்டு, கட்டின புருசன் பேச்சைக் கேட்காதவர்கள் ஏராளம், ஆனால் தண்ணி திறக்கிற கொம்பையாவின் பேச்சைக் கேட்காத ஆள் என்று ஒருத்தர் கிடையாது. அவர் வால்வைத் திருகிவிட்டு, மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்து, தொண்டையை ஒருதரம் செருமி, விழுந்துபோன முன்பல்லின் சந்து வழியே லேசாக விசிலடிக்க, "பொதுமக்கள் கவனத்துக்கு, மூணாந்தெருவுக்குத் தண்ணி வருது" என்று ஊர்க் குரூப்பில் பேசிப் போட்டாரென்றால், தாலி கட்டிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளைகூட முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது சுத்தப் பொய். ரெண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓடினான்.

அந்தக் குரலைத்தான் முப்பிடாதி முதன்முதலில் எடுத்தாள்.

முப்பிடாதிக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படித்தாள், அம்மா வடிவு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். முட்டையிட்ட கோழி, காலியாக ஓடுகிற மிக்சி, ரிவர்சில் வரும் மினிபஸ், பேரேட்டைப் புரட்டும் ரேஷன்கடைக்காரர், காதலை வேண்டாமென்று சொல்லும்போது தும்மல் வந்துவிட்ட பக்கத்து வீட்டு அக்கா என்று எதைக் கேட்டாலும் மறு நிமிஷம் அதுவாகவே பேசுவாள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து, அம்மாவின் போனைப் பிடித்து, கொம்பையாவின் செருமலையும் விசிலையும் சேர்த்துப் போட்டு, "பொதுமக்கள் கவனத்துக்கு, நாலாந்தெருவுக்குத் தண்ணி வருது" என்றாள். நாலாந்தெருவில் எழுபது குடம் வரிசை கட்டியது. அதே நேரத்தில் தொட்டிக்கு அடியில் ஒரு எருமையை வைதுகொண்டிருந்த கொம்பையா, "ஏ மூதி, அங்கன..." என்று ஆரம்பித்த இடத்தில் நின்றுபோனார். வாய் திறந்திருந்தது, நாக்கு அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. மிச்சத்தைக் கேட்க எருமையும் மரியாதையாக நின்றது. பதினொரு நிமிஷம் கழித்து, சிரித்துச் சிரித்து வயிறு வலித்த முப்பிடாதி அண்ணத்தில் நாக்கைத் தட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் எழுப்பினாள். குரல் சொந்தக்காரரிடம் திரும்பிப் போனது. "...போவாத!" என்று மீதி வசவு தானாக வெளியே வந்தது. எருமை தலையாட்டிவிட்டு நகர்ந்தது.

சொக்கன்பொட்டல் இதற்கெல்லாம் அதிசயப்படுகிற ஊர் இல்லை. ஐந்து நாள் வராத தண்ணீர் ஆறாம் நாள் வருவதைவிடவா இது அதிசயம்? ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கொம்பையாவின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லாருக்கு, குரல்தான் வெளியூர் போயிட்டு வந்திருக்கு" என்று சொல்லி நாலு இனிப்பு மாத்திரை கொடுத்தார். பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையம்மாள், எதையும் தாளில் எழுதினால்தான் தூக்கம் வருகிற ஆவுடையம்மாள், அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவந்தார்: 'மேற்படி முப்பிடாதி என்பவர் எவருடைய குரலையும் எடுப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாகச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் எனவும், சாப்பாட்டு நேரத்திலும் சாமியாடும் நேரத்திலும் எடுக்கலாகாது எனவும், எடுத்த குரலை எடுத்தபடியே சேதாரமின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டும் எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' தீர்மானத்தை வாசித்து முடிக்கும் முன்பே தலைவரின் குரல் காணாமல் போய், 'ஏகமனதாக' என்ற சொல் மூணாவது வரிசையிலிருந்து கேட்டது.

அப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது, பழகிக்கொண்டதோடு நிற்காமல் பயன்படுத்தவும் ஆரம்பித்தது. மருமகள்கள் முந்தானையில் முறுக்கை முடிந்துகொண்டு வந்தார்கள்: "எங்க அத்த கொரல ஒரு மத்தியானம் நீ வச்சுக்கிடு தாயி, நான் செத்தக் கண்ணசருதேன்." மாமியார்களும் சீடையோடு வந்தார்கள், வேறு நேரத்தில். கணக்கு வாத்தியாரின் குரலைத் திருப்பிக் கொடுக்கையில் முப்பிடாதி 'சைலன்ஸ்' என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டாள். பாவம் மனுசன், ஒரு வாரம் வகுப்பு சந்தைக்கடையாகக் கிடக்க, பலகையைத் தட்டித் தட்டிக் கையைக் காட்டினார். தையல்காரி செல்லக்கிளி மட்டும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து, செத்துப்போன புருசனின் குரலைக் கேட்டாள். திருப்பிக் கொடுக்க ஆளில்லாத ஒரே குரல் அது. "பாவாடைக்கு நாடா கோத்துட்டியா?" என்று அது கேட்கும். "கோத்துட்டேன்" என்று செல்லக்கிளி சொல்வாள். அவ்வளவுதான், எழுந்து போய்விடுவாள். அந்த நேரத்தில் மட்டும் முப்பிடாதி சிரித்ததில்லை.

குரலை நம்ப முடியாது என்று ஆனபிறகு, வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வது என்று முடிவானது. வாசலில் புருசன் குரல் கேட்டாலும் பெண்டாட்டி உள்ளிருந்து "சொல்லச் சொல்லும்வே" என்பாள், சரியான சொல் வந்தால்தான் கதவுக் கொண்டி விலகும். ஏற்பாடு அருமையான ஏற்பாடு. என்ன, நானூறு வீட்டில் முந்நூறு வீட்டுக்காரர்கள் 'முருகா' என்று வைத்தார்கள். மிச்ச நூறு பேர் மறந்துவிடக்கூடாதே என்று சாக்பீசால் கதவில் எழுதி வைத்தார்கள், வெளிப்பக்கமாக. போன் பூட்டும் அதே லட்சணம்தான். டீக்கடை சேர்மக்கனி அண்ணாச்சி தன் போனின் பூட்டு எண்ணைக் கடைச் சுவரில் டீ விலைக்குக் கீழே எழுதிப் போட்டிருந்தார், பாட்டு மாற்றுகிறவர்களுக்கு வசதியாக. அவர் போனுக்கு வங்கியிலிருந்து ஆறு இலக்க எண் வந்தால் பெஞ்சில் இருக்கிற யாராவது கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்துக் கொடுப்பார்கள். எல்லாம் முப்பிடாதிக்குப் பயந்து செய்த காவல். உலகத்தில் குரல் எடுக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று ஊர் நினைத்தது. ஒரு குரல் கேட்டால் அது சொந்தக்காரருடையது, இல்லையென்றால் முப்பிடாதியுடையது. மூன்றாவது ஒரு வழி இருக்கும் என்று சொக்கன்பொட்டலில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததுதான் வினையாகப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு ஊர்க் குரூப்பில் கொம்பையாவின் குரல் வந்தது. "பொதுமக்கள் கவனத்துக்கு. மேல்தொட்டித் தண்ணியில விஷம் கலந்திருக்கு. பிடிச்சு வச்ச தண்ணியையும் யாரும் குடிக்க வேண்டாம், கொட்டிருங்க. கீழ இருக்க நீல எழுத்தத் தொட்டுப் பேரு பதிஞ்சா வீட்டுக்கு ரெண்டு கேன் தண்ணி வரும். உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், போன் பண்ணிக் கேப்பாவ, சொல்லிருங்க."

எந்த நம்பரிலிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை, கொம்பையா சொன்னால் சொன்னதுதான். முந்தாநாள்தான் பிடித்த தண்ணீர், இன்னும் நாலு நாளைக்கு உயிரைப் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர், டிரம்மும் அண்டாவும் குடமும் சருவமும் பால்சொம்பும் நிறைய இருந்த அத்தனை தண்ணீரையும் எட்டுத் தெருக்காரர்களும் வாசலில் கவிழ்த்தார்கள். சொக்கன்பொட்டலில் முதல்முறையாக ஒரு ஆறு ஓடியது. எட்டுத் தெருவிலிருந்தும் எட்டு ஓடை இறங்கி ஊர் நடுவிலுள்ள மந்தையில் கூடி, கோழிகளைத் திண்டாட விட்டு, சேர்மக்கனி கடையின் பெஞ்சைக் கிளப்பி, ஒரு செருப்புக் கடைக்குப் போதுமான செருப்புகளை மிதக்கவிட்டுப் போனது. இரண்டாம் வகுப்புப் பாடத்தில் காகிதக் கப்பல் எதற்கு வருகிறது என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அரைமணி நேரம் ஓடிவிட்டு, எல்லாவற்றையும் மண் குடித்துவிட்டது.

ஒன்பதரை மணிக்கு டிவியில் வந்துவிட்டது. "அதிர்ச்சி! உறைய வைக்கும் தகவல்! சொக்கன்பொட்டலில் விஷத் தண்ணீர் குடித்து நாற்பது பேர் பலியா?" என்று மூச்சுத் திணறத் திணற ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எந்த ஊரோ ஒரு தொட்டியைக் காட்டினார்கள், நம் ஊர்த் தொட்டியைவிட நல்ல தொட்டி. இறந்தவர்களில் பிரபல தேநீர்க்கடை உரிமையாளரும் ஒருவர் என்றாள். பிரபல தேநீர்க்கடை உரிமையாளர் அப்போது தன் கடையில், தண்ணீர் இல்லாததால் பாலை மட்டும் ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"நான் எப்பவே செத்தேன்?" என்றார் சேர்மக்கனி.

"டிவியில சொல்லுதாம்லா அண்ணாச்சி, சும்மாவா சொல்லுவான்?" என்றது பெஞ்சு.

"பிறவு நான் யாரு?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுச் சொல்லச் சொல்லும் பாப்போம்."

"முருகா."

"அத எல்லாரும் சொல்லுவாவள்லா" என்று பெஞ்சு உதட்டைப் பிதுக்கியது. பத்தரைக்குள் கயத்தாறிலிருந்து அவருடைய சகலை வேன் பிடித்து மாலையோடு வந்திறங்கினார். அண்ணாச்சி உயிரோடு நின்றதைப் பார்த்து அழுகையை நிறுத்த ரொம்ப நேரமாயிற்று. வாங்கின மாலையை வீணாக்குவானேன் என்று அவர் கழுத்திலேயே போட்டார்கள். அவரும் அன்று முழுக்க அதைக் கழற்றவில்லை.

பதினொரு மணிக்கு வட்டாரத்திலிருந்து சுகாதார ஆய்வாளர் ஜீப்பில் வந்து, தொட்டித் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, கடைசியில் ஒரு தம்ளர் குடித்தும் காட்டிவிட்டு, "விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளோரின்தான் கொஞ்சம் கம்மி" என்று சொன்னபோதுதான் ஊருக்குத் தொண்டை வறண்டது. நாலு நாள் தண்ணீரைத் தன் கையாலேயே கொட்டியிருக்கிறது ஊர். கொட்டினவர்கள் எல்லாரும் கொட்டச் சொன்னது யாரென்று திரும்பினார்கள்.

"முத்தாரம்மன் சத்தியமா நான் பேசல" என்றார் கொம்பையா.

அவர் இல்லையென்றால் முப்பிடாதி. வேறு யார்?

மந்தையில் கூட்டம் கூடியது. முத்தாரம்மன் கோயில் பெட்டியில் வெள்ளியில் செய்த வாய்ப்பூட்டு ஒன்று உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் கொடைத் திருவிழாவுக்கு விரதம் பிடிக்கையில் உதட்டின் மேல் மாட்டிக்கொள்வது, மூணு நாளோ ஐந்து நாளோ பேசாமல் இருப்பதற்கு. அதை முப்பிடாதிக்கு மாட்டுவது, அடுத்த கொடை வரைக்கும், பதினொரு மாசத்துக்கு, என்று ஐந்தாந்தெருக்காரர்கள் சொல்ல, மற்ற ஏழு தெருவும் ஆமாம் போட்டது. பூசாரி பெட்டியைத் திறக்கப் போய்விட்டார். வடிவு தீப்பெட்டி ஆபீசிலிருந்து கையில் மருந்து ஒட்டியபடியே ஓடிவந்து, "எம்பிள்ளை கேலி பண்ணுவா, கேடு செய்யமாட்டா" என்று தலைவரின் காலைப் பிடித்தாள்.

"நான் அனுப்பல" என்று முப்பிடாதி சொன்னாள்.

கூட்டம் சுற்றுமுற்றும் பார்த்தது. "இது யாரு கொரலு?" என்று ஒருத்தி கேட்டாள். மெலிசாக, கொஞ்சம் கரகரத்து, கடைசி எழுத்தைப் பாதியில் விழுங்குகிற ஒரு குரல். ஊரில் யாரும் கேட்டதே இல்லை. ரெண்டு வருசமாக அடுத்தவர் குரலிலேயே பேசிப் பேசி முப்பிடாதிக்கே அது புதிதாகத்தான் இருந்தது. வடிவுக்கு மட்டும் தெரிந்தது. "அவ கொரலுதான்" என்றாள், "பெறந்தப்ப அழுத கொரலு."

முப்பிடாதிக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. பதினொரு மாசம். வெள்ளிக்கிழமைதோறும் செல்லக்கிளி வந்து வாய்ப்பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். கோழி, மிக்சி, மினிபஸ் எல்லாம் உள்ளேயே கிடந்து செத்துப்போகும். அதைவிட, இப்போதுதான் கிடைத்த இந்த மெலிசுக் குரல், இன்னும் பத்துச் சொல்கூடப் பேசாத குரல், அதோடு போய்விடும்.

"அக்கா, அந்தப் பேச்ச இன்னொருக்கப் போடுங்க" என்று தலைவரிடம் கேட்டாள். ஆவுடையம்மாள் போட்டார். முப்பிடாதி போனைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக் கேட்டாள். செருமல் இருந்தது, விசில் இருந்தது, 'கவனத்துக்கு'வில் வருகிற இழுப்பும் இருந்தது.

"இதுல மூச்சு இல்ல" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"மாமா 'பொதுமக்கள்'னு சொல்லுததுக்கு முன்ன ஒரு மூச்சு இழுப்பாவ, 'தண்ணி'க்கு அப்புறம் ஒண்ணு விடுவாவ. நான் பேசுனாலும் நானும் மூச்சு விடணும்லா? இதுல முப்பது நொடிக்கு ஒருக்கக்கூட விடல. மனுசன் பேசலக்கா. எதோ மிசினு மாமா கொரலப் படிச்சுட்டுப் பேசியிருக்கு. மாமாதான் எப்பவும் குரூப்புல பேசிப் போடுதாவளே, அத எவனோ எடுத்துருக்கான்."

"மிசினாவது பேசுததாவது" என்றது ஐந்தாந்தெரு. எங்கேயோ இருந்துகொண்டு ஒருத்தி அடுத்தவர் குரலைப் பிடுங்கிப் பேசுவாள் என்பதை ஒரே வாரத்தில் நம்பிய ஊர், ஒரு மிசின் பேசும் என்பதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தது. பூசாரி செம்புத்தட்டில் வாய்ப்பூட்டோடு வந்துவிட்டார். அது சின்னதுதான், ஒரு மீன் அளவு.

முப்பிடாதி திரும்பினாள். "மாமா, ஏழு நாப்பத்திரண்டுக்கு நீங்க எங்க இருந்திய? அப்ப வாய் பேசுனியளா, ஊமையா இருந்தியளா?"

மந்தையே கொம்பையா பக்கம் திரும்பியது. இதை யாரும் கேட்கவில்லையே. முப்பிடாதி எடுத்திருந்தால் அந்த நேரம் கொம்பையா ஊமையாக இருந்திருக்க வேண்டும். அதுதானே ஊர் கண்ட சட்டம், எருமைக்குக்கூடத் தெரிந்த சட்டம்.

கொம்பையா சேர்மக்கனியைப் பார்த்தார். சேர்மக்கனி மாலையிலிருந்த ஒரு சம்பங்கியைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்ல தாயி" என்றார் கொம்பையா.

பூசாரி தட்டை நீட்டினார். முப்பிடாதி அழவில்லை, உதட்டை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டாள். வேறு யாருடைய குரலையாவது எடுத்து அந்த இடத்திலேயே ஊரைச் சிரிக்க வைத்துத் தப்பித்திருக்கலாம், கொம்பையா குரலையே எடுத்து 'ஆமா, நான் பேசிட்டுதான் இருந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. சும்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொம்பையா செருமினார். முன்பல் சந்து விசிலடித்தது.

"பேசிட்டுதான் இருந்தேன்" என்றார். "நல்லாச் சத்தமாவே பேசிட்டு இருந்தேன். சேர்மக்கனி வீட்டுப் பின்வாசல்ல நின்னு அவன வஞ்சிட்டு இருந்தேன். ஊர்க் குழாயில மோட்டாரு மாட்டித் தண்ணிய உறிஞ்சுதான். ரெண்டு வருசமா உறிஞ்சுதான். ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்வே சொல்லல?" என்று ஆவுடையம்மாள் எழுந்துவிட்டார்.

"தெனம் ஒரு டீயும் ரெண்டு வடையும்" என்றார் கொம்பையா, தரையைப் பார்த்தபடி. "இன்னைக்கி ஒரு வடைதான் குடுத்தான், அதான் வைய வேண்டியதாப் போச்சு. வேலையில இருந்து எடுக்கதுன்னா எடுத்துருங்க. பிள்ளை வாயில அத மாட்டாதிய."

கூட்டம் சேர்மக்கனியின் மீது பாயலாமா என்று யோசித்த அந்த நொடியில் சேர்மக்கனியின் சட்டைப்பையில் போன் அடித்தது. காலையில் நீல எழுத்தை முதல் ஆளாகத் தொட்டவர் அவர்தான், எதிலும் முதல் ஆள். பதட்டத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு" என்றது போன், கொம்பையாவின் குரலில். "உங்களுக்கு ஆறு நம்பர் வந்திருக்கு. சொல்லுங்க, கேன் தண்ணி ஏத்திட்டோம்."

சேர்மக்கனிக்குக் கொம்பையா பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "நாலு... ஏழு..." என்று வாசிக்க ஆரம்பித்தார்.

"ஏலேய் சொல்லாதல!" என்று பக்கத்திலிருந்து கத்தினார் கொம்பையா. "நான் இங்கன நிக்கேம்லா! அது எவனோல!"

"சீக்கிரம் சொல்லுங்க, வண்டி கிளம்புது" என்றது போனுக்குள் இருந்த கொம்பையா.

ஒரு குரல், ஒரே நேரத்தில், ரெண்டு இடத்தில். சொக்கன்பொட்டல் அன்றைக்குத்தான் அதிசயப்பட்டது. ஐந்தாந்தெருக்காரிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் சேர்மக்கனியின் வாய் மூணாவது எண்ணுக்குத் திறந்துவிட்டது. எத்தனை பேர் கத்தினாலும் நிற்காத வாய் அது.

சத்தம் வரவில்லை. முப்பிடாதி அவர் குரலை எடுத்திருந்தாள்.

"ஒம்பது..." என்றாள் சேர்மக்கனியாக, போனைப் பிடுங்கி. "இருங்க தம்பி, ஒம்பதா ஆறா? போனத் தலைகீழாப் பிடிச்சிருக்கேம்போல."

"நேராப் பிடிச்சுச் சொல்லுங்க" என்றது கொம்பையாக் குரல்.

"நேராப் பிடிச்சா போன் உங்கள மாதிரிப் பேசுது. திருப்பிப் பிடிச்சா பேசமாட்டேங்கு. எங்கன விட்டேன்? ஆங், நாலு. நாலுக்கு முன்ன டீக்குப் பால் ஊத்திருதேன், பொங்குது. சக்கரை போட்டா போடலயா உங்களுக்கு?"

"டீ வேண்டாம். நம்பர்."

"சக்கரை வேண்டாமா? சுகரா? நம்ம சகலைக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது. பாத்துக்கிடுங்க தம்பி. இன்னைக்கி எனக்கு மாலையெல்லாம் போட்டாவ தெரியுமா, டிவியில வேற..."

நிஜச் சேர்மக்கனி குரலில்லாமல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ மறுத்தார். மந்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், நாலு என்பது ஏழாகி, ஏழு என்பது கண்ணாடி துடைப்பதாகி, கண்ணாடி துடைப்பது கண் ஆஸ்பத்திரிக்குப் போன கதையாகி, கடைசியில் அந்தப் பக்கம் 'டிக்' என்று எதுவோ அணைகிற சத்தம். கொம்பையா மறைந்து, இளசான, இஸ்திரி போட்ட மாதிரி ஒரு பட்டணத்துக் குரல் வெடித்தது.

"யோவ் கிழவா, ஒழுங்காப் படிய்யா!"

முப்பிடாதி இதற்குத்தான் காத்திருந்தாள். அண்ணத்தில் 'டொக்'. "...கண்ணாடிய மாத்தச் சொல்லிட்டாவ தம்பி" என்று சேர்மக்கனியின் மிச்சப் பேச்சு சேர்மக்கனியிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த நொடி அவள், "யோவ் கிழவா, ஒழுங்காப் படிய்யா!" என்றாள், அதே இளசு, அதே இஸ்திரி.

அந்தப் பக்கம் அமைதி. பிறகு, நன்றாகக் காதை வைத்துக் கேட்டால், மூச்சு. வேகமாக இழுத்து இழுத்து விடுகிற ஒரு ஆளின் மூச்சு மட்டும்.

"உன் குரல் எங்கிட்ட இருக்கு" என்று முப்பிடாதி அவன் குரலிலேயே அவனிடம் சொன்னாள். "வேணும்னா சொக்கன்பொட்டலுக்கு வா. மினிபஸ் பதினொண்ணே காலுக்கு வரும், சில சமயம் வராது." போனை வைத்தாள்.

வாய்ப்பூட்டு பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஆவுடையம்மாள் அன்றே சைபர் போலீசுக்குப் போன் போட்டு, ஒரு பக்கத்துக்கு எழுதியும் அனுப்பினார். சேர்மக்கனியின் மோட்டாரை எட்டுத் தெருக்காரர்களும் சேர்ந்து பிடுங்கினார்கள், மாலை போட்டிருந்ததால் அடிக்கவில்லை. கொம்பையாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை, அவர் விசில் இல்லாமல் யார் குடத்தைத் தூக்குவார்கள்? ஆனால் அவருக்கு ஒரு வருசத்துக்கு எந்தக் கடையிலும் வடை கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் எண் ஒன்பது சொன்னது.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் வந்தது. எந்தச் செய்தி வந்தாலும், யார் சொன்னாலும், "மூச்சு கேட்டியா?" என்று கேட்பார்கள். நிலாவில் மழை பெய்கிறதாமே என்றால் மூச்சு கேட்டியா, ரேஷனில் இனிமேல் கோழி கொடுக்கப் போகிறார்களாமே என்றால் மூச்சு கேட்டியா, பேப்பரில் வந்திருக்கிறது என்றால் பேப்பரை மடித்துக் காதில் வைத்துப் பார்ப்பார்கள். கதவிலிருந்த சாக்பீசு எழுத்துகளை அழித்தார்கள். முந்நூறு முருகாவும் கலைந்து முந்நூறு வேறு வேறு சொல்லாயிற்று, என்ன சொல் என்று இதை எழுதுகிறவர்களுக்கும் தெரியாது, கேட்டாலும் வீட்டுக்காரர்கள் சொல்லமாட்டார்கள். டீக்கடைச் சுவரில் டீ விலை மட்டும் மிச்சம் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் மினிபஸ் வந்தது. சுத்தமான சட்டை போட்ட ஒருத்தன் இறங்கினான், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையிலிருந்த தாளைத் தலைவரிடம் நீட்டினான். 'என் குரல் உங்கள் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.' ஊர் முழுக்க மந்தையில் கூடிவிட்டது.

"உங்க குரலுதான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

அவன் பேரை எழுதினான்.

"பேர யாரு வேணும்னாலும் எழுதலாம்லா" என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது.

முப்பிடாதி முன்னால் வந்து, அவன் குரலிலேயே, தேன் ஒழுக ஒழுகச் சொன்னாள்: "சார், உங்க நம்பருக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும் சார். அத வாயத் தொறந்து சொன்னீங்கன்னா உடனே ரிலீஸ் பண்ணிரலாம் சார்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். நாலாந்தெருக்காரி ஒருத்தி சிரித்த சிரிப்பில் இடுப்புக்குடம் விழுந்து நசுங்கியது.

அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள். கொம்பையா செருமி, மூச்சிழுத்து, "பொதுமக்கள் கவனத்துக்கு" என்றதும், வந்தவன் கையில் ரெண்டு குடத்தைக் கொடுத்தார்கள். போலீஸ் ஜீப் வருகிற வரைக்கும் எட்டுத் தெருவுக்கும் நடந்தான். ஊர் கொட்டின தண்ணீருக்கு ஈடாக ஒரு டிரம்மை நிரப்புவதற்குள் அவன் சட்டை நிறம் மாறிப்போனது. ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"வாக்குமூலம் வாங்கணும்மா. அவன் குரல அவன்ட்டக் குடுத்துரு. எடுத்தபடியே குடுக்கணும்னு உங்க தீர்மானமே இருக்காம்."

"குடுத்துருதேன் சார்" என்றாள் முப்பிடாதி, தன்னுடைய மெலிசுக் குரலில், ரொம்பப் பவ்யமாக. அண்ணத்தில் 'டொக்'. அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரு... ஐயோ... வந்துருச்சு" என்று அழுதான். எல்லாச் சொல்லும் வந்திருந்தது. எல்லாவற்றையும் ஸ்டேஷனில் சொன்னான், அவர்கள் கேட்காததையும் சொன்னான்.

ஒரே ஒரு சொல்லைத் தவிர. அதை முப்பிடாதி நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டாள். அவன் வெளியே வந்து எத்தனையோ மாசமாகிறது என்கிறார்கள். எந்தப் போனை எடுத்தாலும் முதல் சொல்லுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறானாம், எதிர்முனை காத்திருந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறதாம். சொக்கன்பொட்டலில் மட்டும், வெள்ளிக்கிழமை செல்லக்கிளி வந்து நாடா கோத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, மாட்டுத்தொட்டிக்குப் பின்னாலிருந்து இளசாக, இஸ்திரி போட்டதுபோல ஒரு சத்தம் எருமைகளைப் பார்த்துக் கேட்கும்.

"ஹலோ?"